இரண்டு லட்சத்துக்கு ஒரு கைப்பை: வாங்கலாமா, ஆச்சி?

கேள்வி: ஆச்சி, எனக்கு 32 வயது. சொந்த ஊர் தேவகோட்டை, சென்னையில் ஐ.டி. வேலை. கணவரும் வேலையில் இருக்கிறார், ஒரு பெண் குழந்தை. எனக்குப் பல வருட ஆசை, லூயி விட்டான் நெவர்ஃபுல் பை ஒன்று வாங்க வேண்டும் என்று. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆகும் போலிருக்கிறது. இந்த வருட போனஸ் ஒன்றரை லட்சம் இருக்கிறது, மீதியை கார்டில் தவணையாகக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட எடுத்த நகைக்கடன் மட்டும் இன்னும் முடியவில்லை. ஆத்தா, "அந்தக் காசுக்குப் பவுன் வாங்கு, இல்லையென்றால் அதே மாதிரி ஃபர்ஸ்ட் காப்பி வாங்கு, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். ஆபீஸ் தோழி, "இதுவும் ஒரு முதலீடுதான்" என்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், "அங்கே வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும்" என்கிறார். இரண்டு மாதத்தில் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) கானாடுகாத்தானில் வயது நிறைவுச் சாந்தி விழா. அதற்குள் வாங்கிவிட வேண்டும். அந்தப் பைக்கு அந்த விலை தகுமா? நான் ஆசைப்படுவது தப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆசைப்படுவது தப்பே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலில் வரவழைத்து வீடு கட்டியவர்களின் பேத்தி நீங்கள். நல்ல பொருளுக்கு ஆசைப்படுவது நம் ஊருக்குப் புதிதில்லை. அதனால் "வெளிநாட்டுப் பை எதற்கு" என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் இந்தப் பையை, இந்தப் பணத்தில், இந்த நேரத்தில் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் பையைப் பார்ப்போம். அது தோல் பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லூயி விட்டானின் அந்தப் பழுப்பு நிற எழுத்துப் போட்ட துணி, தோல் இல்லை. பருத்தித் துணிமேல் பி.வி.சி. பூசியது. கைப்பிடி, ஓரப்பட்டை, பக்க வார் மட்டும்தான் தோல். மட்டம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் துணி உண்மையிலேயே உழைக்கும். நனைந்தாலும் கீறினாலும் லேசில் ஒன்றும் ஆகாது. கஷ்டம் கைப்பிடியில்தான். அந்தத் தோலில் மேற்பூச்சு கிடையாது. வாங்கும்போது சந்தன நிறத்தில் இருக்கும், வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, அப்புறம் கறுத்துப்போகும். ஒரு மழைத்துளி விழுந்தாலும் தடம் நிற்கும். பாரிஸ் குளிரில் அந்த நிறம் மெல்ல மெல்ல ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், வியர்த்த கையோடு பிடித்தால், எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நெவர்ஃபுல் 2007இல் வந்த மாடல். மேலே ஜிப் கிடையாது, நடுவில் ஒரு சின்னக் கொக்கி மட்டும்தான். கார் கதவைத் திறந்து இறங்கி, ஆபீஸ் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு அது போதும். நீங்களோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறவர். வாய் திறந்த பையில் பர்ஸும் போனும் வைத்துக்கொண்டு எழும்பூரில் கூட்டத்துக்குள் ஏறிப் பாருங்கள். காரைக்குடி வந்து இறங்கும்வரை ஒரு கை பையின் வாயிலேயே இருக்கும்.

அப்படியென்றால் இரண்டு லட்சம் எதற்கு? பெரும்பகுதி பெயருக்கு. அந்த எழுத்துக்கோலம் 1896இல் வந்தது. கம்பெனியை 1854இல் தொடங்கிய லூயி விட்டான் இறந்த பிறகு, அவர் மகன் ஜார்ஜ் அதை உருவாக்கினார். அப்பா பெயரை நிறுத்தவும், பார்த்து அதே மாதிரி போலி செய்கிறவர்களைத் தடுக்கவும்தான். நம் வீடுகளிலும் பித்தளை அண்டா, வெள்ளிச் செம்பு, தூக்கு எல்லாவற்றிலும் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகளை, வெட்டி வைத்திருப்பார்கள். அது அவரவர் வீட்டு விலாசம். நாளைக்குப் பாத்திரம் நசுங்கிப்போனாலும் வெள்ளி வெள்ளிதான், எடை போட்டுக் காசு வாங்கலாம். இந்தப் பையில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கெட்டியான ஒரு துணிப்பையும் இரண்டு தோல் வாரும்தான்.

எல்லாப் பெரிய கம்பெனிப் பையும் இப்படித்தான் என்று சொன்னால் அது பொய். 1837இல் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யத் தொடங்கிய ஹெர்மெஸ் கம்பெனியில் இன்றும் சேணத் தையல் போடுகிறார்கள். மெழுகு தடவிய ஒரே லினன் நூல், அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வரும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் பிரிய ஆரம்பிக்கும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு பையை ஒரே ஆள் உட்கார்ந்து முடிக்கிறார். அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன், அதன் விலை எனக்கு எட்டாவிட்டாலும். ஆனால் விலை ஏறிவிட்டாலே வேலையும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2024இல் மிலான் நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களில், கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற டியோர் என்ற பெரிய கம்பெனியின் பை ஒன்றைச் செய்து கொடுக்க ஒப்பந்தக்காரருக்கு 53 யூரோ கொடுக்கப்பட்டதாக இருந்தது. தோல் முதலான மூலப்பொருள் செலவு அதில் சேராது என்றாலும், அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்து, உங்கள் தோழி சொல்லும் முதலீடு. ஜேன் பர்கின் என்ற நடிகைக்காக ஹெர்மெஸ் முதன்முதலில் செய்த பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. இந்த மாதிரிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எல்லாப் பையும் காசு பெருக்கும் என்கிறார்கள். கடை விலைக்கு மேல் மறுவிற்பனையில் போவது ஹெர்மெஸின் பர்கின், கெல்லி போன்ற சில மாடல்கள்தான். அவற்றைக் கடைக்குப் போனவுடனே எடுத்துத் தரமாட்டார்கள், அதனால்தான் அந்த விலை. ஷனெல் என்ற இன்னொரு பெரிய கம்பெனியின் நடுத்தர அளவுக் கிளாசிக் பை 2019இல் அமெரிக்காவில் சுமார் 5,800 டாலர், 2024இல் 10,000 டாலருக்கு மேல். இதைக் காட்டி, "பார், விலை ஏறுகிறது" என்பார்கள். ஏறியது கம்பெனி வைத்த கடை விலை. உங்கள் கையில் இருக்கும் பழைய பைக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்பது வேறு கணக்கு. மறுவிற்பனைக் கடைக்காரர் தன் கமிஷனை எடுப்பார், கைப்பிடி கறுப்பைக் காட்டிக் குறைப்பார், பில் இருக்கிறதா, டப்பா இருக்கிறதா என்பார். முதலீட்டுக்கென்று வாங்கினால் உபயோகிக்கவே முடியாது. உபயோகிக்காமல் பூட்டி வைக்க ஒரு பை எதற்கு, சொல்லுங்கள்?

பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டில் வாங்கிய பெரிய பெயருள்ள பை ஒன்றை ஊர் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டுப் போனார். சில வருடம் கழித்துத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். வெளியே புதுக்கருக்குக் கலையவில்லை. உள் பாக்கெட்டில் விரலை விட்டால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது, கையை எடுத்தபோது உள்பூச்சு செதில் செதிலாக விரலோடு வந்தது. உள்ளே பூசிய செயற்கைப் பூச்சு நம் சூட்டுக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் தாங்கவில்லை.

ஆத்தா சொல்லும் ஃபர்ஸ்ட் காப்பி வேண்டவே வேண்டாம். அந்தக் காசு போலிப் பெயர் குத்தி விற்கிறவர்களுக்குப் போகிறது, அப்படி விற்பது சட்டப்படி குற்றம். யாருக்கும் தெரியாது என்பதும் சரியில்லை. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் யாராவது பையை உற்றுப் பார்க்கும்போது நெஞ்சு ஒருமுறை திக்கென்று அடிக்கும். அந்தப் படபடப்புக்கு ஐயாயிரம் கொடுப்பதைவிட, பெயரே இல்லாத நல்ல பை ஐயாயிரத்துக்கு வாங்கலாம்.

பவுன் விஷயத்தில் ஆத்தா பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. செய்கூலி, சேதாரம் போனாலும் தங்கம் எடைக்குக் காசாகும். நகையை வைத்து ஃபிளாட் முன்பணம் கட்டியவர் நீங்களே, உங்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் தங்கமாக இல்லாத எதை வாங்கினாலும் வீண் என்று அவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தினமும் கையில் இருக்கும் பொருள் மனதுக்குப் பிடித்ததாக இருப்பதும் ஒரு சுகம்தான்.

நாத்தனார் யோசனை நடக்காது. சிங்கப்பூரில் 9 சதவீத ஜி.எஸ்.டி.யைத் திரும்பத் தருவது சுற்றுலாப் பயணிகளுக்கு. அங்கேயே குடியிருப்பவர்களுக்கோ, வேலை பாஸில் இருப்பவர்களுக்கோ கிடையாது. இங்கே இறங்கும்போது வரம்புக்கு மேல் போனால் சுங்கவரியும் அவர்தான் கட்ட வேண்டும். உங்கள் ஆசைக்கு அவரை ஏர்போர்ட்டில் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தினம் ஆபீசுக்கு எடுத்துப்போனால், வருடத்துக்கு 200 நாள், ஐந்து வருடம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 200 ரூபாய். அது சம்பாதிக்கிற பெண்ணுக்குத் தாங்கக்கூடியது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துப் போகத்தான் வாங்குகிறீர்கள். வருடத்துக்குப் பத்து விசேஷம் என்றால் ஐந்து வருடத்தில் ஐம்பது. ஒரு விசேஷத்துக்கு 4,000 ரூபாய். இதோடு கார்டு தவணைக்கு வட்டி. அந்தப் பக்கம் நகைக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பேங்கில் இருக்கும் உங்கள் வளையலுக்கு வட்டி கட்டிக்கொண்டு, கையில் மாட்டும் பைக்கும் வட்டி கட்டுவதா? என்னைக் கேட்டால் ஒன்றரை லட்சத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோய் நகைக்கடனில் கட்டுங்கள். மீட்ட நகையைப் போட்டுக்கொண்டு கானாடுகாத்தானுக்கு வாருங்கள். சாந்தி வீட்டில் உங்கள் பெரியப்பச்சி உங்கள் பையைப் பார்க்கப்போவதில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி முழுக்க உறவு உட்கார்ந்திருக்கும், வேலை சரியாக இருக்கும், பையை எங்கே வைப்பது என்று தேடவே உங்களுக்கு நேரம் போய்விடும்.

அதற்காக வெறுங்கையோடு இருக்கச் சொல்லவில்லை. மிச்சத்தில் பத்தாயிரம் ரூபாய் எடுத்து ஒரு நல்ல தோல் பை வாங்குங்கள். நம் மாநிலமே தோலுக்குப் பெயர்போனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உலகம் முழுக்கப் போகிறது. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் தாவரப் பட்டை போட்டுப் பதனிடும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு ஆவாரம்பட்டை போட்டார்கள். வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல், துணி இழையோ ஸ்பாஞ்சோ தெரிந்தால் ரெக்ஸின் வகை. விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறைய வேண்டும். வார் சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா, ஜிப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா, இதைக் கட்டாயம் பாருங்கள். பை முதலில் போவது அங்கேதான். கொட்டான் வாங்கிக்கொள் என்று சிலர் சொல்லுவார்கள். நம் பனையோலைக் கொட்டான் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம், ஆனால் அதில் லேப்டாப் வைக்க முடியாது.

நகைக்கடன் முடிந்து, அடுத்த போனஸும் வந்து, அப்போதும் அந்தப் பைமேலேயே கண் இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். அப்போது நான் தடுக்க மாட்டேன். முதலீடு, கைவேலை என்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறது, கையில் காசு இருக்கிறது, போதும். கம்பெனிக் கடையிலேயே வாங்குங்கள். போகும்போது உங்கள் லேப்டாப், குழந்தையின் தண்ணீர் பாட்டில், டப்பா எல்லாவற்றையும் எடுத்துப்போய், கடையிலேயே அதற்குள் வைத்துத் தோளில் மாட்டி நடந்து பாருங்கள். மெல்லிய வார் தோளை அறுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஜிப் உள்ள மாடலையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு பீரோவில் பூட்டாமல் தினம் எடுத்துப்போங்கள். ஊருக்குப் போகும் நாளில் வைத்துவிட்டுப் போவதென்றால் பாலிதீன் கவர் வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே கசக்கிய வெள்ளைத் தாள் அடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். அந்துருண்டையைப் பையோடு ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.