பல் கடிப்பும் தாடை மூட்டு வலியும்: நைட் கார்ட் போடுவதா, பல்லைத் தேய்ப்பதா?

பல்லைக் கருவியால் தேய்த்துச் சமப்படுத்த மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வி இது: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள். காலையில் தாடை இறுகிப்போய் வலிக்கிறது, கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. மோல்மேனில் பார்த்த பல் டாக்டர், கடி சரியாக உட்காரவில்லை, நாலைந்து பல்லைத் தேய்த்துச் சமப்படுத்தினால் தீரும் என்கிறார். ரங்கூனில் பார்த்தவர் நைட் கார்ட், அதாவது தூங்கும்போது பல் வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் கவசம், போதும் என்கிறார். அம்மா கிராம்புத் தைலம் தடவச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் ஒரு பயறு மண்டியில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் இதே வலியோடு சில வருஷம் ஓட்டியிருக்கிறேன், இதே இரண்டு யோசனைகளும் எனக்கும் வந்தன. தேய்க்கச் சொன்ன கிளினிக்கில் அன்றைக்கே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். எந்தப் பல், எவ்வளவு, எதற்காக என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தேய்த்த பல் திரும்ப வளராது. எனாமல் போனால் போனதுதான். கடி சரியில்லாததால்தான் பல் கடிக்கிறோம் என்பது பழைய நம்பிக்கை. தூக்கத்தில் ஆட்களைப் படுக்கவைத்துப் பதிவு செய்து பார்த்ததில் தெரிந்தது வேறு. தூக்கம் லேசாகக் கலையும் நொடிகளில் முதலில் இதயத் துடிப்பு ஏறுகிறது, அதற்குப் பிறகுதான் தாடைத் தசை இறுகுகிறது. உத்தரவு மூளையிலிருந்து வருகிறது, பல்லிலிருந்து அல்ல. அப்படியிருக்க, பல்லைச் சீவிச் சமமாக்கி என்ன பயன்? சமமான பல்லையும் கடிக்கத்தான் போகிறோம். புதிதாகக் கட்டிய உறையோ அடைத்த பல்லோ உயரமாக நின்று இடித்தால் அதை மட்டும் தேய்ப்பது வேறு விஷயம், அது நியாயம். வலிக்கு மருந்தாக நல்ல பல்லைத் தேய்ப்பது, வரிசையாக உறை போடுவது, கம்பி கட்டுவது, இவையெல்லாம் திரும்பிப் போக முடியாத வழிகள். முதலில் திரும்பி வரக்கூடிய வழிகளைப் பார்த்துவிட வேண்டும்.

எனக்குக் கடைசியில் அமைந்த பல் டாக்டர் ஒரு பெண். இங்கே பெண் டாக்டரை எல்லோரும் கூப்பிடுவது போல சயாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே இரண்டு விரல்களை என் காதுகளுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். எங்கே சத்தம் வருகிறது, தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். ஸ்கேல் வைத்து அளந்தார். பெரியவர்களுக்கு மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 40 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும். வீட்டில் பார்ப்பதென்றால் உங்கள் விரல் மூன்றை அடுக்கி நிறுத்திப் பாருங்கள். பிறகு கன்னத்துத் தசையை, பல்லை இறுக்கினால் மேடாகப் புடைக்குமே அந்த இடத்தை, கட்டைவிரலால் அழுத்தினார். உயிர் போயிற்று. நான் காது வலி என்று நினைத்திருந்த வலி அப்படியே அங்கே இருந்தது. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வடு, கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, இரண்டையும் கண்ணாடியில் காட்டினார். ஒரே ஒரு எக்ஸ்ரே, தாடை முழுவதும் விழுவது, அதுவும் சொத்தையோ வேறு கோளாறோ இல்லை என்று உறுதி செய்யத்தான். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “இப்போ, இந்த நிமிஷம், உங்க மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா?”

தொட்டுக்கொண்டுதான் இருந்தன. நன்றாக அழுத்தமாகவே.

தொடக்கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் சும்மா கிடக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, பல்லும் பல்லும் சேரவே வேலையில்லை. நானோ காலையிலிருந்து மாலை வரை உளுந்து, துவரை மூட்டைக் கணக்கும் ஒரே நாளில் மாறும் டாலர் விலையுமாக உட்கார்ந்து, பல்லை இறுக்கியே வைத்திருக்கிறேன். இரவில் வீட்டுக்காரர் கேட்ட சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பகலில் சத்தமே இல்லாமல் நடந்த கடியை யாரும் பார்க்கவில்லை. உங்கள் கேள்வியிலும் இரவு மட்டும்தான் இருக்கிறது. பகலையும் கவனியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பகலில் கவனித்தால் நிறுத்திவிடலாம், தூக்கத்தில் அது முடியாது.

எப்படிக் கவனிப்பது? மேசையில், செல்போன் பின்பக்கத்தில், சமையலறை அலமாரியில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டினேன், நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுதான். கண்ணில் பட்டால் தாடையைத் தளர்த்த வேண்டும். அவ்வளவே. முதல் வாரம் பைத்தியம் பிடித்தாற்போல இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

பயிற்சி ஒன்று. ‘ன்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் எங்கே நிற்கிறதோ, அங்கேயே அதை வைத்துக்கொண்டு, மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். நாக்கு விலகும் அளவுக்குத் திறக்க வேண்டாம். வலிக்காத அளவோடு, நாளில் சில தடவை. கன்னத் தசையை விரலால் வட்டமாக நீவி விடலாம். உப்பு ஒத்தடம் எனக்கு ரொம்பப் பிடித்தது: கல் உப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் கன்னத்தில் பத்து நிமிஷம். கரண்ட் இல்லாத ராத்திரியிலும் அடுப்பு இருந்தால் நடக்கும். ரங்கூனில் இது சாதாரண வசதி இல்லை.

நைட் கார்டைப் பற்றி. நல்லதுதான், ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து போட்டுக்கொள்ளுங்கள். பல் தேயாமல், விரிசல் விடாமல், அடைத்தது பெயராமல் காக்கும். கடிப்பதை நிறுத்தாது. என்னுடையதைச் சில மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கடைவாய்ப் பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கீறல். அந்தக் கீறல் என் பல்லில் விழ வேண்டியது. வலி குறைவது ஆளுக்கு ஆள் மாறும். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வந்தது. நோயைப் புரியவைத்துத் தைரியம் சொல்வது, தாடைப் பயிற்சி, கையால் நீவித் தளர்த்தும் பிசியோதெரபி, மனப்பழக்கத்தை மாற்றும் ஆலோசனை, இவற்றைத்தான் அது அழுத்தமாகச் சிபாரிசு செய்கிறது. வலிக்காக நைட் கார்ட் போடுவதை அது அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அது பேசுவது வலியைப் பற்றி, பல் தேய்மானத்தைப் பற்றி அல்ல. அதனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் மொட்டையாகியிருந்தது, அதற்காகவே போட்டேன்.

போடுவதென்றால் கெட்டியான அக்ரிலிக்கில், ஒரு வரிசைப் பல் முழுவதையும் மூடுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து உருவாக்கும் ரப்பர் மாதிரியான மெத்தை வகை சிலருக்குக் கடியை இன்னும் கூட்டிவிடும், மெல்ல ஏதோ கிடைத்தது என்று தாடை நினைத்துக்கொள்கிறது போல. முன்பல்லில் மட்டும் மாட்டுகிற சின்ன வகையை நெடுநாள் போட்டால் மூடாத பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடக்கூடும். அளவெடுக்கும்போது குளிர்ந்த பசையை வாய் நிறைய அப்புவார்கள், குமட்டும், மூக்கால் மூச்சு விடுங்கள். கார்ட் வந்த அன்று வேலை முடிந்துவிடாது. கார்பன் தாள் மாதிரி ஒன்றைக் கடிக்கவைத்து, கறை அழுந்திய இடத்தைச் சீவி, மறுபடி கடிக்கவைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுந்தும் வரை சரி செய்ய வேண்டும். என் சயாமா பொறுமையாக அதைச் செய்தார். கையில் கொடுத்து ‘போய்ட்டு வாங்க’ என்று அனுப்பினால், திரும்ப எப்போது வந்து சரி செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். கழுவுவது பச்சைத் தண்ணீரில், சூடு பட்டால் வளையும்.

தாடைக்கு ஓய்வு கொடுங்கள் என்பார்கள். இந்த ஊரில் அதற்கு முதல் எதிரி சூரியகாந்தி விதை. டீக்கடையில் உட்கார்ந்தால், டிவி முன்னால் உட்கார்ந்தால், ஒரு பொட்டலம் முன்பல்லில் உடைத்தே தீரும். வலி இருக்கும் மட்டும் அதையும், லப்பெட் தோக் என்கிற தேயிலை சாலட்டில் வரும் பொரித்த பருப்புகளையும், சூயிங்கம்மையும் தள்ளி வையுங்கள். காலையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், மதியம் குழைந்த சோறு, கஷ்டமே இல்லை. அதற்காக மாசக்கணக்கில் கஞ்சியிலேயே கிடக்கவும் வேண்டாம், வலி இறங்க இறங்கப் பழைய சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கொட்டாவி வந்தால் முஷ்டியை முகவாய்க்குக் கீழே கொடுத்துக்கொள்ளுங்கள். போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்குவதை விடுங்கள். மாலைக்குப் பிறகு கெட்டி டீ, காபி, சாராயம், சிகரெட் எல்லாமே ராத்திரிக் கடியைக் கூட்டும் பட்டியலில் வருபவை.

வெற்றிலை போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தெருவுக்கு நாலு குன்யாக் கடை, அதாவது வெற்றிலைக் கடை, இருக்கும் நாட்டில் கேட்டே ஆக வேண்டும். பாக்கை நாள் முழுக்க மெல்வது தாடைக்கு ஓவர்டைம் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், பாக்கினால் கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகும் ஒரு நோய் உண்டு. காரம் பட்டால் எரியும், உட்கன்னம் வெளுத்துப் பட்டையாகக் கெட்டிப்படும், வாய் நாளாக ஆகக் குறைந்து திறக்கும். இது மூட்டுக் கோளாறு இல்லை, பயிற்சிக்குச் சரியாகாது, புற்றுநோயாகவும் மாறக்கூடியது. தாடை வலி என்று நினைத்துக்கொண்டு இதைத் தள்ளிப்போடக் கூடாது. ரங்கூனிலும் மண்டலேயிலும் பல் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அந்த மாதிரி இடத்தில் காட்டுவதே சரி.

‘டொக்’ சத்தத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். மூட்டுக்குள் இருக்கும் சின்னத் தட்டு இடம் விலகித் திரும்ப உட்காரும் சத்தம் அது. வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறக்கிறதென்றால் அதற்கு வைத்தியமே தேவையில்லை. எனக்கு வலி போய் நெடுநாளாகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது. சத்தம் திடீரென்று நின்று அதே நேரம் வாய் பாதிதான் திறக்கிறதென்றால் தாமதிக்காமல் போங்கள்.

மன அழுத்தத்துக்கென்று மாத்திரை சாப்பிடுகிறவரா? ஃபுளுவாக்செடின், செர்ட்ராலின் வகைகள் சிலருக்குப் பல் கடிப்பைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களில் பல் கடிப்பவர்கள் உண்டு. மருந்துக் கடையில் பெயரே தெரியாமல் கலந்து கட்டித் தரும் வலி மாத்திரைப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். போடாக்ஸ் ஊசி சில மாதத்துக்குத் தசையைத் தளர்த்தும், பிறகு திரும்பவும் போட வேண்டும். முதல் படியிலேயே அதற்குப் போக வேண்டாம்.

நடந்தாலோ மாடி ஏறினாலோ தாடை வலித்து, நின்றால் விடுகிறதா? அது பல் டாக்டர் விஷயமே இல்லை, உடனே இதயத்தைக் காட்டுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை அசந்து போவதும், புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், கண் மங்குவதும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிள்ளைகளும் கடிக்கிறார்களே, வயிற்றுப் பூச்சியா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் பாட்டியும் அப்படித்தான் சொல்லி விளக்கெண்ணெய் கொடுப்பார். வளரும் பிள்ளைகளிடம் பல் கடிப்பு சகஜம், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

கிராம்புத் தைலம் சொத்தைப் பல் வலிக்கு. மூட்டுக்கும் தசைக்கும் எட்டாது, கன்னத்தில் தடவினால் தோல்தான் எரியும். அம்மா மனம் கோணாமல் இருக்க உப்பு ஒத்தடத்தை அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.