மெஷின் வேண்டாம், முதலில் அந்த டியூபைத் தூக்கிப் போடுங்கள்

கோவில்பட்டியில் இருந்து 57 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். 12 வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறதாம், பகலில் மதமதப்பு. குதிகாலில் வெடிப்பு, விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த டியூபைப் போட்டால் அரிப்பு நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச நரம்புப் பரிசோதனை முகாமில் "80 சதவீதம் நரம்பு போயிடுச்சு" என்று சொல்லி, 22,000 ரூபாய்க்கு பாத மசாஜ் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள், தவணையும் உண்டு. வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. அந்த 80 சதவீதம் எந்தக் கணக்கு என்று முகாம்காரரிடமே கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சிவப்புக் கோடு போட்ட கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டை நீட்டிப் பயமுறுத்துவது அவர்கள் தொழில். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையும், அதிர்வைப் பார்க்க ஒரு இசைக்கவையும் போதும், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் தருவதில்லை என்பதுதான் கொடுமை. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஓ.பி. அன்று நிற்கிற வரிசையைப் பார்த்தால் டாக்டரைக் குறை சொல்ல மனசு வராது, ஆனால் பேக்கேஜ் பேக்கேஜாகக் காசு வாங்குகிற தனியார் இடத்திலும் ரத்தத்தைத்தான் எடுக்கிறார்கள், காலைப் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த முறை உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு "காலைப் பாருங்க டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் எரிச்சலும் வெடிப்பும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன. வலியைச் சொல்கிற நரம்பு கெடும்போது எரிகிறது, வியர்வையை நடத்துகிற நரம்பு கெடும்போது பாதம் வியர்க்காமல் காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பு வழியாகக் கிருமி போகிறது. குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு யூரியா கலந்த கிரீமோ வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் கூடும். எரிகிறதே என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள், மதமதப்பான காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதும் இதே கதைதான். ஆணிக்கால் பிளாஸ்டர், பிளேடு இரண்டும் வீட்டில் இருக்கவே கூடாது.

இப்போது அந்த டியூப். நான் பார்த்தவரை இப்படி உடனே நின்று உடனே திரும்புகிற அரிப்புக்குப் பின்னால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த களிம்புதான் இருக்கும். டியூபின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அடியில் பூஞ்சை சௌகரியமாகப் பரவும், தோல் மெலிந்து காகிதமாகும். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கினார்கள், கடையில் பிஸ்கட் மாதிரி கிடைக்கிறது, யார் கேட்கிறார்கள்? பூஞ்சைக்கு மட்டுமான களிம்பைத் தோல் டாக்டர் சொல்கிற நாள் வரை விடாமல் போட வேண்டும், அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. அப்புறம், மெட்ஃபார்மினோடு டாபாக்லிஃப்ளோசின் அல்லது எம்பாக்லிஃப்ளோசின் சேர்ந்திருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுகிற மாத்திரைகள், பிறப்புறுப்புப் பக்கம் அரிப்பு வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதியவரிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரையால் வருகிற நரம்புக் கேடு இரண்டு காலிலும் விரலில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறும். ஒரு காலில் மட்டும், அல்லது முழங்கைப் பக்கம், முதுகில் என்று ஒரு இடத்தில் மட்டும் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல், அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை இருப்பவருக்கு எது மரத்தாலும் "சுகர் சார்" என்று தள்ளிவிடுகிறோம், இதில் டாக்டர்களும் அடக்கம். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். தாமதித்தால்தான் விரல் மடங்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் வீட்டில் யாரையாவது முதுகை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எரிச்சலுக்கு. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் இதே எரிச்சலைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் ஊசி போடுங்கள், பலன் தெரியும். பார்க்காமலே பத்து ஊசி, இருபது ஊசி என்று 'நரம்பு ஊசி கோர்ஸ்' போடுகிறவரிடம் போகாதீர்கள். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இந்த வலியைத் தொடாது, சிறுநீரகத்தைத்தான் தொடும். இதற்கென்று ப்ரீகாபலின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டைலின் இருக்கின்றன. எதுவும் நரம்பைப் புதுப்பிக்காது, வலியைப் பாதியாக்கினாலே நல்ல பலன், அதற்கும் சில வாரம் பொறுக்க வேண்டும். ப்ரீகாபலின் தூக்கமும் தள்ளாட்டமும் தரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்து மாறும் என்பதால் போகும்போது கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் மேஜையில் வையுங்கள்.