பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து கால் வீங்குகிறது. நிணநீர் மசாஜ் செய்தால் வீக்கமும் பிரஷரும் குறையுமா?

மாத்திரையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அம்லோடிபின் என்று வைத்துக்கொள்கிறேன், கணுக்கால் வீக்கத்துக்குப் பேர்போனது அதுதான்.

மசாஜால் பிரஷர் குறையாது. அதற்காக நிணநீருக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தவறு.

ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரைத் தினமும் லிட்டர் கணக்கில் திருப்பி ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். அவற்றைத் தள்ள இதயம் கிடையாது. நாளத்தின் சுவர்த் தசை தானே சுருங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ஏற்றும். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவு விரிப்பதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடிக் கசிவு அதிகமாகிறது. நிணநீர் நாளத் தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். அதே கால்சியத்தின் வழியைத்தான் இந்த மாத்திரை அடைக்கிறது. ஆகவே நிணநீர் ஓட்டமும் மந்தமாகலாம்.

உடம்பில் மொத்த நீர் கூடி வந்த வீக்கமல்ல என்பதால் நீர் மாத்திரை பெரிதாக உதவாது. 10 மில்லிகிராமை 5 ஆகக் குறைப்பதோ, சிரைப் பக்கத்தையும் விரிக்கும் லோசார்டன், எனலாப்ரில் போன்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பதோ பலன் தரும். அதைப் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரை வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், மாலையில் கூடும், விடிந்தால் வடியும். கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தினால் குழி விழும். கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் மேல்தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லையென்றால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நிணநீருக்கும் பிரஷருக்கும் உண்மையான தொடர்பு உப்பில் இருக்கிறது. 2009இல் வெளியான எலி ஆய்வில், தோலில் சேர்ந்த சோடியத்தை அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் உணர்ந்து, வி.இ.ஜி.எஃப்-சி என்ற புரதத்தைச் சுரந்து, நிணநீர் நாளங்களை வளர்த்தன. அந்த ஏற்பாட்டைத் தடுத்ததும் பிரஷர் ஏறியது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022 கணக்கெடுப்பில் சிங்கப்பூரர் ஒரு நாளில் சராசரியாக உட்கொண்ட சோடியம் 3,620 மில்லிகிராம்; உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. உணவங்காடியில் மீ (நூடுல்ஸ்) சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள், குழம்பைத் தனியாகக் கேளுங்கள், ஊறுகாயையும் கருவாட்டையும் தினசரித் தட்டிலிருந்து எடுங்கள். இளஞ்சிவப்பு உப்பும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பு நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் லோசார்டன், எனலாப்ரில் வகை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மசாஜ் செய்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்களுக்குப் பயிற்சி பெற்றவர் செய்யும் நிணநீர் வடிப்பு முறையான சிகிச்சை. ஆனால் அதே பெயரில் “நச்சு நீக்கம், பிரஷர் குணமாகும்” என்று பேக்கேஜ் விற்று வயதானவர்களின் சேமிப்பைக் கரைக்கிறார்களே, அதைப் பார்க்க வயிறு எரிகிறது. இதயம் பலவீனமானவருக்கு அந்த நீரைத் திடீரென ரத்தத்தில் தள்ளுவது ஆபத்து என்பதைக்கூட அவர்கள் யோசிப்பதில்லை.

காசில்லாத வழி: மணிக்கொரு முறை நின்றபடி குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணைமேல் இதயத்துக்கு மேலாக வையுங்கள். ஒரு வாரம், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இரண்டிரண்டு முறை பிரஷர் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85ஐத் தொட்டால், அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.