அமெரிக்காவின் வெவ்வேறு வட்டாரப் பண்பாடுகளைத் திரைப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன?

நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் மட்டும் பார்த்து அமெரிக்காவை எடைபோடுபவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் படம் 1996-இல் வந்த ‘ஃபார்கோ’. பெயர் வடக்கு டகோட்டாவில் உள்ள நகரத்தினுடையது. கதையோ பெரும்பாலும் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் நடக்கிறது. படமெடுத்த கோயன் சகோதரர்கள் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள்.

முதலில் காதில் விழுவது பேச்சு. எதற்கெடுத்தாலும் ‘யா’ என்று இழுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நார்வே, சுவீடன் நாடுகளிலிருந்து திரளாக வந்து குடியேறியவர்களின் சாயல் அது. குண்டர்சன், லண்டகார்ட் என்ற பாத்திரப் பெயர்களிலும் அதே வாடை அடிக்கிறது. அடுத்தது, மினசோட்டாக்காரர்களின் பேர்பெற்ற பணிவு. உள்ளே கொதித்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. கார் விற்கும் ஒருவன் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தன் மனைவியையே கடத்த ஆள் வைக்கிறான். கர்ப்பிணியான காவல் அதிகாரி மார்ஜிடமோ அதே பணிவு உண்மையாகவே இருக்கிறது. (பிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம் அது.) பேச்சு வழக்கைக் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெற்கே, மிசௌரியின் ஓசார்க் மலைப்பகுதியை அறிய 2010-இல் வெளிவந்த ‘விண்டர்ஸ் போன்’ பாருங்கள். அங்கே வறுமையும் உறவுக் கட்டுப்பாடும்தான் சட்டம். வெளியாளிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.