அப்பமாவைப் பொங்கவைக்கும் மதுவமும் காசநோய்க் கிருமியும்

கேள்வி: பற்றீரியாவில் கொழுப்பமிலம் தொகுக்கும் நொதியங்களை மதுவத்தைக் கொண்டு இனங்காணலாம் என்று ஆசிரியர் கூறினார். அது எவ்வாறு? – உயர்தர மாணவி, கொக்குவில்.

பதில்: மதுவத்தின் இழைமணிக்குள் (கலத்தில் சுவாசம் நடக்கும் புன்னங்கத்துக்குள்), பற்றீரியாவில் உள்ளதைப் போலவே, கொழுப்பமிலத் தொகுப்பின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதியம் உண்டு. அவற்றுள் ஒன்றுக்குரிய பரம்பரையலகை நீக்கிவிட்டால் அத்தொகுப்பின் வழியே கிடைக்கும், சுவாச நொதியங்களுக்குத் தேவையான லிப்போயிக் அமிலம் உண்டாகாது, அதனால் சுவாசமும் கெடும். அத்தகைய மதுவம், கள்ளு விட்ட அப்பமாவில் நடப்பதுபோல வெல்லத்தை நொதிக்கச் செய்து பிழைத்துக்கொள்ளுமே தவிர, சுவாசத்தால் மட்டுமே பயன்படுத்தக்கூடிய கிளிசரோலை மட்டும் உணவாகக் கொண்ட ஏகார்த் தட்டில் (கூழ்போன்ற வளர்ப்பூடகத் தட்டில்) பரப்பினால் வளராது. நாட்கள் சென்றாலும் தட்டு வெறுமையாகவே கிடக்கும். இனி, ஆராய வேண்டிய பற்றீரியப் பரம்பரையலகுடன், புரதத்தை இழைமணிக்கு இட்டுச்செல்லும் துண்டொன்றை (முகவரிச் சீட்டு என்றே வைத்துக்கொள்ளுங்களேன்) இணைத்து அம்மதுவத்துள் புகுத்துவார்கள். தட்டில் வெண்புள்ளிகள் அரும்பினால், இழந்த நொதியத்தின் வேலையைப் புதியது செய்கிறது என்று கொள்ளலாம்.

காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டின் இலக்காகிய, காசநோய்க் கிருமியின் இன்எச்ஏ (InhA) நொதியம் 2008இல் வெளியான ஆய்வொன்றில் இவ்வாறே மதுவத்தை மீட்டது. ஆயினும், தன் சொந்தக் கலத்தில் அது கலச்சுவருக்குரிய நீண்ட மைக்கோலிக் அமிலச் சங்கிலிகளை நீட்டும் நொதியம். ஆகவே தட்டில் காணும் வளர்ச்சி அதன் ஆற்றலைக் காட்டுமேயன்றி, கிருமிக்குள் அது வகிக்கும் பங்கை முழுமையாகக் காட்டாது.