டைனோசர் எப்படிச் சத்தமிட்டது? கொழும்பு வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தை, ஆண்டு 9 மாணவி: ரி-ரெக்ஸ் டைனோசர், படத்தில் வருவது போல வாயைத் திறந்து உறுமியதா, சேர்?

பதில்: 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கேட்ட உறுமல், யானைக்குட்டி, புலி, அலிகேற்றர் என்ற முதலை வகை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து செய்தது. யானையும் புலியும் பாலூட்டிகள், டைனோசருக்குத் தூரத்துச் சொந்தம். இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு, முதலையும் பறவையும்தான். இந்த இரு கூட்டத்திலும் வாயை மூடிக்கொண்டே சத்தமிடுபவை பல உண்டு. உங்கள் வீட்டு மதிலில் வந்திருக்கும் மணிப்புறாவைக் கவனியுங்கள். கூவும்போது அலகு திறக்காது, கழுத்து மட்டும் உப்பும். தீக்கோழி இதையே பெரிய அளவில் செய்கிறது. அலிகேற்றர் கத்தும்போது எழும் மிகத் தாழ்ந்த அதிர்வில் முதுகின் மேலுள்ள தண்ணீர் துள்ளும். 2016இல் வந்த ஓர் ஆய்வு, மூடிய வாய்க் குரல் இந்தப் பரம்பரையில் பல தடவை தனித்தனியாகத் தோன்றியதென்றும், புறா அளவிலும் அதற்கு மேலும் உடல் பெருத்த பறவைகளிலேயே அது காணப்படுகிறதென்றும் காட்டியது. ஆகவே ரி-ரெக்ஸ் அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று முழங்கியிருக்கக் கூடும். ‘கூடும்’ என்ற சொல்லை உங்கள் ஒப்படையிலும் விடாமல் எழுதுங்கள், மகள்.

கொட்டாஞ்சேனை, ஒரு தகப்பன்: யூடியூப்பில் ‘டைனோசரின் உண்மையான குரல்’ என்று ஒரு காணொளி இருக்கிறது. மகன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். உண்மையா?

பதில்: இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தவற்றின் குரல் எதிலும் பதிவாகவில்லை.

தெமட்டகொட, ஆண்டு 11 மாணவன்: விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பரசரோலோபஸ் என்ற டைனோசரின் கொண்டையைக் குழாயில் செய்து ஊதிக் காட்டலாமா?

பதில்: தாராளமாக. ஒலியைப் பற்றி எலும்பே நேரடியாகப் பேசும் இடம் இதுதான். அந்தக் கொண்டைக்குள் மூக்குத் துளையிலிருந்து குழாய்கள் நுனிவரை போய், வளைந்து, திரும்பித் தொண்டைக்கு வருகின்றன. 1981இல் தொல்லுயிரியலாளர் டேவிட் வைஷம்பெல் இதை ஒலிக்கருவியாகக் கணக்கிட்டார். நியூ மெக்சிகோவில் 1995இல் கிடைத்த மண்டையோட்டை சிரி ஸ்கேன் எடுத்து, 1997இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தார் கணினியில் ஒலிக்க வைத்தார்கள்.

ஒன்றேகால் அங்குல பீவீசி பைப்பில் 1.2 மீற்றர் துண்டுகள் இரண்டு வாங்குங்கள். ஆமர் வீதி ஹார்ட்வெயார் கடையில் வெட்டியே தருவார்கள். இரண்டு எல்போவைச் சேர்த்து யூ வடிவில் பொருத்துங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் உதடு கிழியும். ஊதினால் மட்டும் போதாது. உதட்டை இறுக்கி, ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட வேண்டும்.

கணக்கு இது. கொழும்பு வெக்கையில், 30 பாகை செல்சியசில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். உதடு வைத்த முனை மூடிய முனையாகும். 350ஐ மொத்த நீளமான 2.4 மீற்றரின் நான்கு மடங்கான 9.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36.5 ஹேர்ட்ஸ் வரும். எல்போவின் நீளமும் சேர்வதால் இன்னும் சற்றுக் குறையும். அந்த அடிச்சுரத்தை உதட்டால் பிடிப்பது கஷ்டம். மூன்று மடங்கான 109ம் ஐந்து மடங்கான 182ம் சுலபமாக வரும். கைபேசியில் பதிந்து அதன் ஸ்பீக்கரிலேயே போட்டால் தாழ்ந்த பகுதி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் வையுங்கள்.

பக்கத்தில் ஓர் அட்டை கட்டாயம்: ‘இது குழாயின் ஒத்ததிர்வு, விலங்கின் குரலல்ல.’ ஏனென்றால் தொண்டையில் அதிர்ந்த உறுப்பு எதுவென்று எலும்பு சொல்லாது. சாண்டியாவில் குரல்நாண் உள்ளதாக ஒன்று, இல்லாததாக ஒன்று என இரு விதமாகவும் ஒலிக்க வைத்தது அதனால்தான்.

மட்டக்குளி, தாய்: ரி-ரெக்சின் அசல் குரலை எங்கே தரவிறக்கலாம்?

பதில்: அப்படி ஒன்று கிடையாது, அக்கா. கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, உயிரியல் ஆசிரியை: முதலை குரல்வளையால் சத்தமிடுகிறது. பறவை, மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலுள்ள சிரிங்சால் சத்தமிடுகிறது. உறுப்பே வேறாயிருக்க, இரண்டையும் ஒரே தராசில் வைத்து ரி-ரெக்சுக்கு எப்படிக் குரல் கொடுக்கிறீர்கள்?

பதில்: இன்று வந்தவற்றில் மிகக் கூர்மையான கேள்வி, ரீச்சர். மூடிய வாய் என்பது உறுப்பல்ல, முறை. காற்றை வெளியே விடாமல் தொண்டையை உப்ப வைப்பது. சத்தம் குரல்வளையில் பிறந்தாலும் சிரிங்சில் பிறந்தாலும் அந்த முறை நடக்கும். ஆனால் உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் குத்துகிறது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய சிரிங்ஸ் அந்தாட்டிக்காவின் வேகாவிஸ் என்ற பறவையுடையது, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி, 2016இல் அறிவித்தார்கள். பறவையல்லாத டைனோசர் எதிலும் சிரிங்ஸ் கிடைக்கவில்லை.

அதே ஆசிரியை: அப்போ இல்லை என்றே எடுக்கலாமே?

பதில்: அவசரப்பட வேண்டாம். சிரிங்சின் குருத்தெலும்பு பெரும்பாலும் உக்கிப் போகும். கிடைக்காததை வைத்து ‘இல்லை’ என்று முடிவு கட்டவும் முடியாது, ‘இருந்தது’ என்று சொல்லவும் முடியாது.

தெஹிவளை, பல்கலைக்கழக மாணவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2023இல் மொங்கோலியாவின் பினக்கோசோரஸ் என்ற டைனோசரில் குரல்வளை எலும்பே கிடைத்ததே? பறவைபோல் பாடியது என்று செய்தியில் வந்தது.

பதில்: குரல்வளை கிடைத்தது உண்மை, அருமையான கண்டுபிடிப்பு. அசையும் அதன் அமைப்பு பறவையினதை ஒத்திருப்பதால், பிறந்த சத்தத்தை அது மாற்றியமைத்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ‘பாடியது’ தலைப்புப் போட்டவர் சேர்த்தது. ரீச்சரின் கேள்விக்கும் இது முழுப் பதிலல்ல: பினக்கோசோரஸ் கவசமுள்ள தாவர உண்ணி, ரி-ரெக்சின் கிளையிலிருந்து வெகு முன்னரே பிரிந்தது.

கிராண்ட்பாஸ்: இலங்கையில் டைனோசர் இருந்ததா?

பதில்: எலும்பு கிடைத்ததாகப் பதிவில்லை. தீவின் பத்தில் ஒன்பது பங்கு, டைனோசருக்கு மிக முந்திய உருமாறிய பாறை. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது, டைனோசருக்குப் பிந்தியது. புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, அண்டிகம பகுதிகளில் ஜுராசிக் படிவுகள் உண்டு. அங்கே செடிகளின் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் வந்த யானை, நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் மிகப் பிந்திய காலத்தவை.

வத்தளை: தமிழ்நாட்டு அரியலூருக்குப் போன உறவினர் உருண்டைக் கல் ஒன்று கொண்டுவந்தார். டைனோசர் முட்டையா?

பதில்: உருண்டையை நம்பாதீர்கள், ஓட்டைத் தேடுங்கள். முட்டை என்றால் உடைந்த ஓரத்தில் சில மில்லிமீற்றர் தடிப்பில் தனி ஓடு இருக்கும், லென்சில் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். நடுவரை வெங்காயம்போல் அடுக்கடுக்காகப் போனால் அது வெறும் கல்முடிச்சு. உடைத்துப் பார்க்க வேண்டாம், புவிச்சரிதவியல் படித்தவரிடம் காட்டுங்கள்.

மருதானை: பறக்கும் டைனோசரின் குரல்?

பதில்: நீங்கள் கேட்பது தெரோசோர் என்ற பறக்கும் ஊர்வன, அது டைனோசரல்ல. இன்று பறக்கும் டைனோசர் காகம்தான்.

கொள்ளுப்பிட்டி: யூடியூப்பில் ஒரு காணொளியில்...

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். பொய்.

தெமட்டகொட மாணவன்: பைப் செய்துவிட்டேன், சேர். ‘உஸ்’ என்று காற்றுதான் வருகிறது.

பதில்: முதலில் எல்போ மூட்டுகளைப் பாருங்கள். ஒரு முனையைக் கையால் அடைத்து மறுமுனையில் ஊதினால் எங்கும் காற்று கசியக்கூடாது. கசிந்தால் பீவீசி கம் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு வாய் வைக்க வேண்டாம், அந்த ஆவி கூடாது. கசிவில்லாவிட்டால் குறை உதட்டில். குழாயை விட்டு, உதட்டை மட்டும் பத்து விநாடி விடாமல் அதிரவிடப் பழகுங்கள். பிறகு அந்த அதிர்வு நிற்காமலே குழாயில் வையுங்கள். முதலில் 109தான் பிடிபடும்.