டெஸ்டர் மாமா பதில்கள்

கே: மாமா, ஹாலில் இருக்கும் சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. எலெக்ட்ரீஷியன், ‘காயில் போயிடுச்சு, வைண்டிங் பண்ணணும்’ என்கிறார். பையனோ, ‘தூக்கிப் போட்டுவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கு’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– இல்லத்தரசி, அரியலூர்

ப: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். காயில் போன ஃபேன் பெரும்பாலும் சூடாகும், கருகல் வாடை அடிக்கும், இல்லையென்றால் ஓடவே ஓடாது. சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் முதலில் கண்டென்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபேனுக்கு மேலே கம்பியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, அதை நகர்த்தினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் உட்கார்ந்திருக்கும். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்றோ அதை ஒட்டியோ அச்சடித்திருப்பார்கள்.

வீட்டுக்குள் ஃபேனுக்குப் போவது சிங்கிள் ஃபேஸ் கரண்ட். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாது. இரண்டாவது காயிலுக்குப் போகிற கரண்டைக் கொஞ்சம் முந்திப் போகவிட்டுத் திசையைக் காட்டிக் கொடுப்பதுதான் கண்டென்சரின் வேலை. சூட்டிலேயே கிடப்பதால் அதன் கொள்ளளவு வருடா வருடம் தேயும். முழுசாகச் செத்துவிட்டால் சுவிட்ச் போட்டதும் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும். ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே ஓடும். இன்னொரு விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள்: சாயங்காலம் மட்டும், அதுவும் எல்லா ஃபேனும் சேர்ந்து சோம்பினால் கண்டென்சர் மேல் பழியில்லை, உங்கள் தெருவில் வோல்டேஜ் குறைவு.

கண்டென்சர் விலை வைண்டிங் கூலியில் ஒரு சிறு பங்குகூட வராது. அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்க வேண்டும்.

பையன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. 30 வாட்டில் முடித்துவிடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் பழையதற்கு 67 யூனிட், புதியதற்கு 27. நம் மின்வாரியக் கணக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் பில்லில் அப்படியே 40 யூனிட் குறையும். ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வருகிற வீடாக இருந்தால் இந்த 40 பெரிய விஷயம். 500-ஐத் தாண்டினால் 100-க்கு மேலே உள்ள ஆரம்ப யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஆகவே, கண்டென்சரைப் போட்டு ஓட்டுங்கள். இந்த ஃபேன் நிஜமாகவே காயில் போய் உட்காரும் நாளில் பி.எல்.டி.சி. வாங்குங்கள். வாங்கினால் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். அதை பைபாஸ் செய்ய வேண்டும்.

கே: 20 ஆயிரத்துக்குள் நல்ல போன் எது?
– வாசகர், ஓசூர்

ப: இன்றைக்கு நான் ஒன்றைச் சொல்லி, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த மாடலுக்குத் தம்பி பிறந்திருப்பான். கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்? பேட்டரி போனால் ஓசூரிலேயே மாற்றித் தருவார்களா? கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று அவரே சொல்வார், கேட்க வேண்டியதில்லை.

கே: 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. இரண்டு தடவை ஏற வேண்டும் அல்லவா? ஒன்றேகால் தடவைதான் ஏறுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– கல்லூரி மாணவர், நெய்வேலி

ப: அவர் பாவம், விட்டுவிடுங்கள். 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. அந்தச் செல் 3.7 வோல்ட். 10,000 எம்.ஏ.ஹெச். என்றால் 10 ஆம்பியர் அவர், அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் அவர். வெளியே வருவதோ 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4, அதாவது 7,400 எம்.ஏ.ஹெச்.தான். வோல்டேஜை ஏற்றுகிற சர்க்யூட் கொஞ்சம் தின்னும், கேபிள் கொஞ்சம் தின்னும், போன் சூடாவதில் மிச்சம் கொஞ்சம் போகும். பவர் பேங்க்கின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். வாங்கும்போது படிக்க வேண்டிய எண் அதுதான், முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பது இல்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே வாட் அவர் கணக்குத்தான். 100 வாட் அவர் வரைக்கும் தடையில்லை, ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட் அவர், தாராளமாகப் போகலாம். அச்சு அழிந்துபோன பவர் பேங்க்கைக் கொண்டுபோய் பாதுகாப்புச் சோதனையில் நின்று வாதாடாதீர்கள்.

கே: எங்கள் வாப்பா 80-களில் சவூதியில் வேலை பார்த்தார். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர் மவுத்தாகிவிட்டார். கேசட்டுகள் பீரோவில் இருக்கின்றன. பிளேயரில் போட்டுச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். கடையில் கொடுக்கவும் மனசில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா மாமா?
– வாசகி, கீழக்கரை

ப: முடியும் அம்மா. நிதானமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் உடைத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. வீட்டில் பிள்ளைகள் தெரியாமல் அமுக்கினாலும் வாப்பா குரல் அழியாது. நாக்கு ஏற்கெனவே உடைந்து, அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்துவிடுங்கள்.

அடுத்து, கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நடு ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். உங்கள் ஊர் கடற்கரை. உப்புக் காற்றும் ஈரமும் உண்டு. சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். பிளேயரில் போட்டால், நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அது ஒன்றை மட்டும் விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு அடிப்பக்கம் பாருங்கள். நாடா வெளியே தெரிகிற இடத்தில், நடுவில், செம்பு நிறத் தகட்டின் மேல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் கோந்து காய்ந்து அது உதிர்ந்துபோகும். குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல மங்கிவிடும். மூலைகளில் ஸ்க்ரூ இருக்கிற கேசட் என்றால் கவலையே இல்லை. அதைத் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி, வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் வைத்து மூடிவிடலாம்.

பரணில் இருக்கிற பழைய டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்தது) இறக்கி நேராகப் போட்டுவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் இந்நேரம் தார் மாதிரி உருகியிருக்கும், இல்லை தொங்கிப்போயிருக்கும். பெல்ட்டை மாற்றி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்து ஹெட்டையும் பக்கத்து ரப்பர் உருளையையும் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பஞ்சில் ஏறுகிற பழுப்புத் தூள் அத்தனையும் எப்போதோ ஓடிய பாட்டுகள். அப்புறம் போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமாப் பாட்டு கேசட்டை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாப்பாவுக்கு வாருங்கள். போடும் முன் பென்சிலைக் கேசட் ஓட்டையின் பல்லில் விட்டு ஒரு சுற்று கையாலேயே சுற்றுங்கள், இறுக்கம் தெரிந்துவிடும்.

போட்டதும் குரல் மந்தமாகக் கேட்டால் மனம் தளராதீர்கள். வாப்பா பேசியது அங்கே உள்ள ரெக்கார்டரில். அதன் ஹெட் நின்ற கோணம் வேறு, உங்களுடையது வேறு. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் சுற்றிய சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ‘ஸலாம்’ என்று அவர் சொல்லும் ‘ஸ’ எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டருக்குப் போக ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயர். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேரே செருகினால் பெரும்பாலும் குரல் உடைந்து வரும். லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்டு அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஆடாசிட்டி’ என்ற மென்பொருள் இலவசம். ஒலியைச் சுருக்காத ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள், எம்.பி.3 பிறகு எடுத்துக்கொள்ளலாம். 60 நிமிடக் கேசட் ஒரு பக்கத்துக்கு அரை மணி. அந்த அரை மணியும் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. உங்களுக்கு அது சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று முதல் பதிவிலேயே கைவைக்காதீர்கள். நீக்கியது தனிப் பிரதியாக இருக்கட்டும். பின்னால் ஓடுகிற ஏ.சி. சத்தம், ரூமில் யாரோ ‘டீ ஆறுது’ என்று கூப்பிடுவது, அவர் பேச்சு வராமல் நிறுத்துகிற இடம் எல்லாமே அந்தக் கேசட்டில் உள்ளவைதான். 1963-இல் பிலிப்ஸ் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தபோது பாட்டுக்காகக் கொண்டுவரவில்லை. பேச்சைப் பதிவு செய்யத்தான் கொண்டுவந்தார்கள். அதைச் சரியான வேலைக்குப் பயன்படுத்தியவர் உங்கள் வாப்பா. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் உடன்பிறப்பிடம் ஒன்று என்று வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கே: போனை முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார் அப்பா. ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்குபவள் நான். யார் சரி?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: அப்பா சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சட்டம். அந்தக் காலத்துக்கு அது சரி. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வந்ததும் சட்டம் மாறிவிட்டது. அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்கினால் இதற்குத்தான் கெடுதல். நிரம்பியதும் போனே கரண்ட்டை நிறுத்திக்கொள்ளும், பயமில்லை. ஆனால் நூறிலேயே மணிக்கணக்கில் நிற்பதும் சூடும் ஆயுளைக் குறைக்கும். ஆகவே தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். அதற்காக அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். போன் நமக்கா, நாம் போனுக்கா?

கே: மிக்சி திடீரென்று நின்றுவிட்டது. சட்னி பாதியில் இருக்கிறது. அவசரம்!
– வாசகர், பொள்ளாச்சி

ப: இந்தக் கடிதம் தபாலில் வந்தது, சட்னி என்ன ஆயிற்றோ. அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிட்டு, மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னப் பொத்தான் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஓவர்லோடு சுவிட்ச். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அமுக்குங்கள். தேங்காயைக் குறைத்துப் போடுங்கள்.

கே: தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரத்தைவிட என் சல்லிசு விலை டிஜிட்டல் வாட்ச் சரியான நேரம் காட்டுகிறதே, எப்படி?
– பிளஸ் ஒன் மாணவன், காரைக்குடி

ப: தாத்தாவுடையதில் ஒரு சக்கரம் விநாடிக்கு ஐந்து தட்டுத் தட்டும். உன்னுடையதில் ஒரு குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்தக் கோணல் எண் என்று கேட்பாய். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போ, பதினைந்தாவது அடுக்கில் இது வரும். அதை வரிசையாகப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு சரியாக ஒன்று மிஞ்சும். அந்த வேலையைச் செய்யத்தான் உள்ளே சிப் இருக்கிறது. ஆனால் தம்பி, தாத்தா கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தால் அது ஏன் ஓடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். உன்னுடையதைக் கழற்றினால் ஒரு கறுப்புப் பொட்டுதான் தெரியும். தாத்தாவிடம் கேட்டுவிட்டுக் கழற்று.

கே: இதையெல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் சொல்கிறதே. உங்களுக்கு எதற்குக் கடிதம்?
– வாசகர், கோவை

ப: அதையே ஏ.ஐ.யிடம் கேட்காமல் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள்.

கே: டி.வி. ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் வேலை செய்கிறது. அறிவியல் காரணம் உண்டா, நம் மனப்பிராந்தியா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ப: காரணம் உண்டு ஐயா. செல்லின் முனையிலும் ஸ்பிரிங்கிலும் களிம்பு ஏறியிருக்கும்; தட்டும்போது செல் நகர்ந்து அந்தப் படலம் உராய்ந்து தொடர்பு கிடைக்கிறது. தட்டுவதைவிட மூடியைத் திறந்து செல்லை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றுவது மேல். ரிமோட் வேலை செய்கிறதா என்று தெரிய, போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே காட்டிப் பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதாவாக மினுக்கும். மினுக்கினால் கோளாறு டி.வி. பக்கம். மினுக்காவிட்டால் செல்லை மாற்றுங்கள். பழையதைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். பெரிய செல் போடுகிற ரிமோட்டாக இருந்தால், அதில் செத்த செல் சுவர்க்கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓடும். நீர் கசிந்திருந்தால் மட்டும் வேண்டாம்.